தீர்ப்புக்கு முன் பனுவல்: சேலம் – நாமக்கல் சமவெளியின் இலக்கியச் சொற்போர்களும் சிறார்க்கான விவாதக் கல்வியும்

ஆய்வுச்சுருக்கம்

விவாதத்தின் வழியாகச் சிறார்க்கு இலக்கியம் கற்பிக்கலாம் என்னும் கருத்து, தமிழகக் கல்விச் சூழலில் பெரிதும் பட்டிமன்ற மேடையின் சாயலிலேயே புரிந்துகொள்ளப்பட்டுள்ளது. இரண்டு அணி, ஒரு நடுவர், இறுதியில் தீர்ப்பு என்னும் அவ்வமைப்பு நல்ல பேச்சாளரை உருவாக்கலாம். நல்ல வாசகரை உருவாக்குமா என்பது தனித்து ஆராயத்தக்கது. பழைய சேலம் மாவட்டப் பரப்பில் நிகழ்ந்த இரு நிகழ்வுகளை இக்கட்டுரை அருகருகே வைத்து நோக்குகிறது. ஒன்று, 1943இல் சேலத்தில் நடந்த கம்பராமாயணச் சொற்போர். மற்றொன்று, 2014–15இல் ‘மாதொருபாகன்’ நாவலை முன்னிட்டுத் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் எழுந்த எதிர்ப்பு. இவற்றிலிருந்து பெறப்படும் கருத்துகளை மணிமேகலை, நன்னூல் ஆகியன காட்டும் கற்றல்முறையோடு இணைத்து, வகுப்பறை விவாதம் தீர்ப்பை இலக்காகக் கொள்ளாமல் பனுவலை இலக்காகக் கொள்ள வேண்டும் என்பதைச் சிலப்பதிகாரப் பகுதியொன்றின் வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சொற்போர், பட்டிமன்றம், இலக்கியக் கல்வி, மாதொருபாகன், மணிமேகலை, வழக்குரை காதை.

முன்னுரை

இலக்கியத்தையும் சமயத்தையும் அவையில் வைத்து விவாதித்து அறியும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. பட்டிமண்டபம் என்னும் சொல் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் பயில்கிறது. 1939இல் சா. கணேசன் தொடங்கிய காரைக்குடிக் கம்பன் கழகத்தின் விழா மேடைகளில் அது காப்பிய மாந்தரை எடைபோடும் வடிவமாக வளர்ந்தது. குன்றக்குடி அடிகளார் போன்ற நடுவர்கள் அதனை ஊர்தோறும் கொண்டு சென்றனர். தொலைக்காட்சியின் வருகைக்குப் பின்னர் குடும்பம், பணம், உறவு ஆகியவற்றைப் பேசும் நகைச்சுவை அரங்காகவும் அது உருமாறியது. பள்ளி இலக்கிய மன்றங்கள் விவாதத்திற்குரிய முன்மாதிரியாகக் கொண்டது இம்மேடையையே.

மேடையின் வெற்றி கைத்தட்டலால் அளக்கப்படுவது. வகுப்பறையின் வெற்றியை அவ்வாறு அளத்தல் இயலாது. ஒரு மாணவர் தம் அணிக்காகப் பத்து நிமிடம் தடையின்றிப் பேசியபின், தாம் பேசிய காப்பியத்தை முன்னிலும் நுட்பமாக அறிந்திருக்கிறாரா என்பதே அங்கு எழும் வினா. இவ்வினாவுக்கு விடை காணச் சேலம் – நாமக்கல் சமவெளி பொருத்தமான களமாகும். இலக்கியத்தை முன்வைத்துத் தமிழகம் முழுவதும் கவனித்த இரண்டு பெரும் மோதல்கள் இங்கு நிகழ்ந்துள்ளன. பொதுத்தேர்வுத் தரவரிசைக்குப் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகளும் இங்கேயே செழித்தன. சொற்போரின் வரலாறும் மனப்பாடத்தின் வரலாறும் ஒரே மண்ணில் சந்திக்கும் இடம் இது.

1. சேலம், 1943: எரிப்பதற்கு முன் பேச்சு

கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் எரிக்க வேண்டும் என்னும் கருத்தைச் சுயமரியாதை இயக்கத்தினர் முன்வைத்த காலத்தில், அக்கருத்து இரண்டு மேடைகளில் விவாதிக்கப்பட்டது. 1943 பிப்ரவரி 9 அன்று சென்னையில் சி. என். அண்ணாதுரையை எதிர்த்து ரா. பி. சேதுப்பிள்ளை பேசினார். அதே ஆண்டு மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் ச. சோமசுந்தர பாரதியார் எதிரணியில் நின்றார். அண்ணாவின் வாதம் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலின் வழியே இன்றும் கிடைக்கிறது.

சேலம் மேடையில் கருதத்தக்க கூறுகள் இரண்டு. முதலாவது, எரித்தல் என்னும் செயலுக்கு முன்னர், எரிக்கலாமா என்னும் வினா பொதுவில் வைக்கப்பட்டமை. எரிக்க வேண்டும் என்பவர் எரிக்கலாகாது என்பவரை அவையறியக் கேட்டார். கேட்டபின் மறுமொழி கூறினார். கருத்து எத்துணைக் கடுமையாயினும் அதனை எதிராளியின் முன்னிலையில் சொல்லி நிறுவ வேண்டும் என்னும் கடப்பாட்டை இரு தரப்பும் ஏற்றன.

இரண்டாவது, எதிரணியில் நின்றவரின் வாசிப்பு நிலை. சோமசுந்தர பாரதியார் கம்பனைக் காக்க வந்தவர் எனினும் இராமகாதையை வழிபாட்டு நோக்கில் மட்டும் அணுகியவர் அல்லர். ‘தசரதன் குறையும் கைகேயி நிறையும்’ என்னும் அவரது நூல், வழிவழியாகப் பழிக்கப்பட்ட கைகேயியின் பக்கம் நின்று வாதிடுவது. கைகேயியை மணந்தபோதே நாட்டை அவளுக்கு உரித்தாக்கிய தயரதன், பின்னர் இராமனுக்கு முடிசூட்ட முற்பட்டதே குறை என்பது அந்நூலின் மையம். பரவலான தீர்ப்பைப் பனுவலின் சான்றுகொண்டு மாற்றிப் பார்க்கும் துணிவு அதில் வெளிப்படுகிறது. ஒரு நூலைக் காப்பதற்கும் அதனைக் கேள்விக்கு உட்படுத்துவதற்கும் முரண் இல்லை என்பதற்கு அவரே சான்று.

எனினும் 1943ஆம் ஆண்டு மேடையை அப்படியே வகுப்பறைக்குக் கொணர்தல் பொருந்தாது. அங்குப் பேசியோர் முடிவான கருத்தோடு வந்தவர்கள். ஒருவர் மற்றவர் பக்கத்தைத் தாமே ஏற்றுப் பேசிப் பார்க்கும் வாய்ப்பு அவ்வமைப்பில் இல்லை. பல்லாயிரம் பாடல்களைக் கொண்ட ஒரு காப்பியம் முழுவதும் ‘வேண்டும்’, ‘வேண்டா’ என்னும் இரண்டு சொற்களுக்குள் அடக்கப்பட்டது. அரசியல் மேடைக்கு இவ்வெல்லை இயல்பானது. இன்னும் கருத்து உருவாகாத சிறாரை அதே எல்லைக்குள் நிறுத்தினால், படித்து முடிவுக்கு வரும் வரிசை தலைகீழாகி, முடிவுக்கு ஏற்பப் படிக்கும் பழக்கமே வளரும்.

2. திருச்செங்கோடு, 2014: பேச்சுக்கு முன் தீ

1943இல் திருச்செங்கோடு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது அதனோடு இணைந்தது. எழுபத்தோராண்டுகளுக்குப் பின் இலக்கிய நூலும் தீயும் இப்பகுதியில் மீண்டும் ஒன்றாகப் பேசப்பட்டன. நாமக்கல் அரசு கலைக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. குழந்தைப்பேறு இல்லாத காளி – பொன்னா இணையரின் வாழ்வையும், அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவை ஒட்டிய வழக்கமொன்றையும் அந்நாவல் பேசுகிறது. நான்காண்டுகள் அமைதியாக வாசிக்கப்பட்ட நூலின் படிகள் 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரியில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெற்ற பேச்சுவார்த்தையில் எழுத்தாளர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்கவும், விற்பனையாகாத படிகளைத் திரும்பப் பெறவும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அதனை அடுத்து, எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்னும் அறிவிப்பை அவர் வெளியிட்டார்.

சேலத்தோடு ஒப்பிடுகையில் இங்கு வரிசை மாறியிருத்தல் தெளிவு. முன்னதில் பேச்சு முதலில் வந்தது. பின்னதில் தீ முதலில் வந்தது. இதனினும் நுட்பமான வேறுபாடொன்று வாசிப்புமுறையில் உள்ளது. எதிர்ப்பின்போது நாவலின் குறிப்பிட்ட பக்கங்கள் படியெடுக்கப்பட்டு மக்களிடம் வழங்கப்பட்டன. நூலை அறியாத ஒருவர் அப்பக்கங்களை மட்டும் பெறும்போது, அங்கே பேசுபவர் யார், எச்சூழலில் பேசுகிறார், அக்கூற்றை நாவல் ஏற்கிறதா என்னும் எவ்வினாவுக்கும் விடை கிடைக்க வழியில்லை. பாத்திரத்தின் கூற்று நாவலாசிரியரின் கூற்றாகவும், புனைவு நிகழ்வு ஊரைப் பற்றிய செய்தியாகவும் மாறுகின்றன. தம் ஊரின் பெண்களும் கோயிலும் இழிவுபடுத்தப்பட்டதாக உணர்ந்த மக்களின் மனக்காயம் பொய்யானது என்று தள்ளிவிடுதல் எளிது; ஆயினும் அது முறையன்று. அக்காயத்தை நாவலின் முழுமைக்கு எதிரில் வைத்துப் பேசுவதற்கான அவை ஒன்று இல்லாமற் போனதே இழப்பு.

அத்தகைய அவை பின்னர் நீதிமன்றத்தில்தான் அமைந்தது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த வழக்கு உள்ளிட்டவற்றை விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், 2016 ஜூலை 5 அன்று தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா ஆகியோரைக் கொண்ட அமர்வு, ஜனவரி 12 உடன்பாடு யாரையும் கட்டுப்படுத்தாது என்றது. நாவலைத் தனிப் பக்கங்களாகப் பிரிக்காமல் முழுமையாக நோக்கியது. எழுத்தாளர் மீண்டும் எழுத வேண்டும் என்று கூறி முடித்தது. பாத்திரத்தின் இயல்பு, கதைச் சூழல், முழுமை ஆகியவற்றை ஒரு நீதிமன்றம் எடுத்துரைக்க நேர்ந்தது, இலக்கிய வகுப்பறையில் முடிந்திருக்க வேண்டிய பாடம் முடியாமல் இருப்பதைக் காட்டுகிறது. நல்ல இலக்கியக் கல்வி இருந்திருந்தால் இந்நிகழ்வு நேர்ந்தேயிராது என்று கூறுதல் மிகையாகும். சாதி, சமயம், வட்டார அரசியல் ஆகியன அதில் ஊடாடின. ஆனால் பக்கங்களைப் பெற்ற கை, ‘முழு நூல் எங்கே?’ என்று கேட்கும் பழக்கத்தைத் தரக்கூடிய இடம் பள்ளியே.

3. மதிப்பெண் வகுப்பறையும் மேடை வகுப்பறையும்

அப்பழக்கம் ஏன் வளரவில்லை என்பதற்கான காரணங்களுள் ஒன்றைத் தேர்வுமுறையில் காணலாம். தமிழகத்தில் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத்தேர்வு 2007இல் நீங்கியபின், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே சேர்க்கையைத் தீர்மானித்தது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் அம்மதிப்பெண்ணைப் பெற்றுத்தரும் இடங்களாகப் பெயர்பெற்றன. பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தவிர்த்துப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் பயிற்றும் வழக்கம் பலவிடங்களில் நிலவியது. ‘பிராய்லர் பள்ளி’ என்னும் பழிச்சொல் இச்சூழலில் தோன்றியது. நாமக்கல் பண்ணைகள் பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகளே எனினும் சொல் நிலைத்துவிட்டது.

இதில் தமிழ்ப்பாடத்தின் நிலை தனித்து நோக்கத்தக்கது. மருத்துவ, பொறியியல் சேர்க்கைக் கணக்கில் தமிழ் மதிப்பெண் சேராது. ஆனால் மாநிலத் தரவரிசை, தமிழை முதற்பாடமாகக் கொண்டவர்களுக்கே அறிவிக்கப்பட்டது. ஆகவே தரவரிசை நாடிய பள்ளிகளில் தமிழ், பிழையின்றி ஒப்புவிக்க வேண்டிய பாடமாக எஞ்சியது. வினாவுக்கு ஒரே விடை உண்டு என்னும் எண்ணத்தோடு ஒரு தலைமுறை சங்கப் பாடலையும் சிறுகதையையும் கற்றது.

2017இல் தரவரிசை அறிவிப்புக் கைவிடப்பட்டது. 2017–18 முதல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2018–19 முதல் வெளிவந்த புதிய தமிழ்ப் பாடநூல்களில் ‘கற்பவை கற்றபின்’ என்னும் பகுதி, கலந்துரையாடல், விவாதம் முதலிய செயல்பாடுகளுக்கு இடமளித்தது. இவை வரவேற்கத்தக்க மாற்றங்கள். ஆயினும் பத்தாம் வகுப்புத் தமிழின் நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே உரியன. எனவே அச்செயல்பாடுகள் பக்கத்தில் இருக்கும் அளவுக்கு வகுப்பில் நிகழ்தல் அரிது. பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025–26 முதல் மீண்டும் நீக்கப்பட்டுள்ள நிலையில், அவ்வகுப்பு உண்மையான கற்றலுக்குரியதாகுமா, பழைய தவிர்ப்புக்குத் திரும்புமா என்பது இம்மாவட்டப் பள்ளிகள் விடை கூற வேண்டிய வினா.

விவாதம் நிகழும் இடங்களிலும் அது மேடையைப் போலச் செய்தலாகவே அமைகிறது. கண்ணகியா மாதவியா, கர்ணனா கும்பகருணனா என்றவாறு இரு மாந்தரை நிறுத்தி, சிறந்தவர் யார் எனக் கேட்கும் தலைப்புகளே மிகுதி. பேச்சை ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தருகின்றனர். மாணவர் மனனம் செய்கிறார். ஒப்புவித்தலை எதிர்க்க வந்த விவாதம், ஏற்ற இறக்கத்தோடு கூடிய மற்றோர் ஒப்புவித்தலாக முடிகிறது. மனப்பாட வகுப்பறையும் மேடை வகுப்பறையும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், முடிவு முன்னரே அறியப்பட்டது என்னும் புள்ளியில் இரண்டும் ஒன்றே.

4. மரபு காட்டும் வரிசை

இதற்கு மாற்றான கற்றல்முறை தமிழ் மரபிலேயே உண்டு. மணிமேகலையின் 27ஆம் காதையில், மாதவன் வடிவில் வஞ்சி நகரில் இருக்கும் மணிமேகலை, அளவைவாதி முதல் பூதவாதி வரை பல சமயத்தாரிடமும் சென்று அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தம் சொற்களிலேயே சொல்ல இடம்பெறுகின்றனர். பூதவாதியிடம் மட்டும் அவள் சுருக்கமாக மறுத்துரைக்கிறாள். 29ஆம் காதையில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார்; பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றையும் அவற்றின் போலிகளையும் விரிக்கிறார். இறுதிக் காதையில் அவள் தன் நெறியை ஏற்கிறாள்.

காப்பியம் பௌத்தத்தின் மேன்மையை நிலைநாட்டுவது என்பதில் ஐயமில்லை. அதன் முடிவு முன்னரே தீர்மானிக்கப்பட்டதே. எனினும் அது அமைத்துக்காட்டும் படிநிலை கல்வி நோக்கில் மதிப்புடையது. முதலில் கேட்டல், அடுத்து, கேட்டவற்றை எடைபோடும் கருவியைப் பெறுதல், அதன்பின்னரே ஏற்றல். இன்றைய பள்ளி விவாதம் மூன்றாம் படியில் தொடங்கிவிடுகிறது. அணி பிரித்தவுடன் ஏற்றல் முடிந்துவிடுகிறது. கேட்டலுக்கும் எடைபோடுதலுக்கும் இடமில்லை. குறிப்பாக, ஒரு வாதம் சரியானது போலத் தோன்றி வழுவுறுவது எவ்வாறு என்னும் போலிகளைப் பற்றிய அறிவு இன்றைய மொழிப்பாடத்தில் இடம்பெறவே இல்லை எனலாம்.

நன்னூல் பொதுப்பாயிரம் இதனை மற்றொரு கோணத்தில் காட்டுகிறது. ஆசிரியர் கூறியதை நன்கு உள்வாங்கிய மாணவரும் புலமையில் காற்பங்கே பெறுவார் என்பது அதன் கணக்கு. உடன் கற்போருடன் பயில்வதால் மற்றொரு காற்பங்கு வாய்க்கும். தாம் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைப்பதால் எஞ்சிய பாதி நிறையும். முக்கால் பங்குக் கல்வி ஆசிரியரின் சொல்லுக்கு அப்பால் நிகழ்கிறது என்று இலக்கண நூலே கூறியிருக்க, வகுப்பறை அந்த முதற் காற்பங்கோடு நின்றுவிடுவதை மரபு என்று கூறுதல் பொருந்தாது. நன்னூல் சுட்டும் பயிற்சியில் உடன்பயில்வோர் எதிரிகள் அல்லர் என்பதும் கருதத்தக்கது.

5. கொலுசுப் பட்டறைப் பிள்ளைகளும் கண்ணகியின் வழக்கும்

இவ்வரிசை வகுப்பில் எவ்வாறு இயங்கும் என்பதைச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைக் கொண்டு விளக்கலாம். சேலம் வெள்ளிக் கொலுசுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள பள்ளிகளில் கொலுசுப் பட்டறைகளில் உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் உள்ளனர். காலணி ஒன்றின் எடை, பற்றவைப்பு, ஒலி ஆகியவற்றைக் கண்ணாலும் காதாலும் அறிந்தவர்கள் அவர்கள். சிலம்பை உடைத்தால்தான் உண்மை தெரியும் என்னும் நிலை ஏன் ஏற்பட்டது, வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒத்திருந்தது எவ்வாறு என்னும் வினாக்கள் அவர்களிடமிருந்தே எழக்கூடும். முத்துப் பரலா மாணிக்கப் பரலா என்பது பாட்டில் வரும் அணிநலன் மட்டுமன்று; அது ஒரு வழக்கின் சான்றுப்பொருள்.

வழக்கமான தலைப்பு, ‘குற்றவாளி பாண்டியனா, பொற்கொல்லனா?’ என்பதாக இருக்கும். இதற்குப் பதில், ‘பாண்டியனின் பிழை ஆணையில் உள்ளதா, ஆராயாமையில் உள்ளதா?’ என்று கேட்பின் மாணவர் நூலுக்குள் செல்ல வேண்டியவராகிறார். கொலைக்களக் காதையில் அரசனின் ஆணை நிபந்தனையோடு கூடியது: கள்வன் கையில் அச்சிலம்பு இருக்குமாயின் என்பது அதன் தொடக்கம். அரசனுக்காக வாதிடுவோர்க்கு இது வலிய சான்று. அதே இடத்தில், அவன் ஆராயாதவனாகி ஆணையிட்டான் என்று காப்பியம் தன் குரலில் கூறுகிறது. எதிர்த்து வாதிடுவோர்க்கு இது சான்று. ஆணையைப் பேசுபவன் பாத்திரம்; ஆராயாமையைச் சுட்டுவது கதைகூறும் குரல். இரண்டு குரல்களையும் வேறுபடுத்தி அறிந்த மாணவர், பிற்காலத்தில் படியெடுத்த நாவல் பக்கம் ஒன்றைக் கையில் பெறும்போது முதலில் கேட்கும் வினாவும் அதுவாகவே இருக்கும்.

இப்பகுதியில் இன்னும் ஒரு காட்சி உண்டு. கோவலனைக் கண்ட காவலர் சிலர், இவன் கள்வன் போலத் தோன்றவில்லை எனத் தயங்குகின்றனர். பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கி அவர்களை நம்பவைக்க முயல்கிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே கல்லாத ஒருவன் வாளை வீசுகிறான். வெட்டப்பட்டது கோவலன் மட்டுமல்லன். முடியாத ஒரு விவாதமும் ஆகும். பொற்கொல்லனின் பேச்சில் எது சான்று, எது பொதுக்கூற்று, எது அச்சுறுத்தல் எனப் பிரித்துப் பட்டியலிடுதல், அறவண அடிகள் கற்பித்த போலிகளை இனங்காணும் பயிற்சிக்கு நிகரானது. எட்டாம் வகுப்பு மாணவருக்கும் இது கைகூடும்.

இதன்பின் மாணவர் பக்கம் மாற வேண்டும். அரசனுக்காகப் பேசியவர் கண்ணகிக்காகவும், கண்ணகிக்காகப் பேசியவர் அரசனுக்காகவும் புதிய சான்றுகளைத் தேடுதல் இன்றியமையாதது. எதிர்த்தரப்பின் வலிய வாதத்தை அவர்கள் ஏற்கும்படி எடுத்துச்சொல்ல இயன்ற பின்னரே மறுக்கும் உரிமை உண்டு என்பது நெறியாக அமையலாம். இறுதியில் நடுவர் தீர்ப்புக்கு மாறாக ஒவ்வொருவரும் ஒரு பத்தி எழுதலாம்: விவாதத்திற்கு முன் எவ்வாறு எண்ணினேன், எந்த இடம் என் எண்ணத்தை அசைத்தது, எது இன்னும் விளங்கவில்லை. தொடக்க, நடுநிலை வகுப்புகளில் வளரறி மதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்ட 40 மதிப்பெண்ணுக்குள் இப்பத்தியை மதிப்பிட இடமுண்டு. மதிப்பெண் குரல்வளத்துக்கு அமையாமல், சுட்டப்பட்ட சான்றுக்கு அமையும்.

இக்காப்பியம் சேலத்து வகுப்பறையில் எழுப்பும் கடினமான வினாவொன்றும் உண்டு. கண்ணகிக்கு நேர்ந்த அநீதிக்கு ஈடாக வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டதாக நூல் கூறுகிறது. ஒருவன் குற்றத்துக்கு அவன் தொழிலைச் சார்ந்த ஆயிரவர் இறத்தல் நீதியாகுமா? நகைத்தொழில் குடும்பத்துப் பிள்ளை அமர்ந்திருக்கும் வகுப்பில் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லும் ஆசிரியர், காப்பியத்தையும் அப்பிள்ளையையும் ஒருங்கே தவிர்க்கிறார்.

6. விவாதத்தின் எல்லைகள்

விவாதத்தை எல்லா இலக்கியத்துக்கும் உரிய ஒரே வாயிலாகக் கொள்ளுதல் மற்றொரு பிழையாகும். தன்னுணர்ச்சிப் பாடல் பலவற்றில் வழக்கே இல்லை. குறுந்தொகைப் பாடலொன்றின் மௌனத்தை ‘ஆம்’, ‘இல்லை’ எனப் பிரித்தால் எஞ்சுவது பாடலன்று. மேலும் விவாதம் பேசப் பழகியவர்க்கு உதவும் அளவுக்குப் பேசத் தயங்குவோர்க்கு உதவுவதில்லை. முதல் தலைமுறையாகக் கற்கும் பிள்ளைகளும், பொதுவில் பேசுதல் அடக்கமின்மை எனக் கேட்டு வளர்ந்த பெண்பிள்ளைகளும் அணித்தலைவர்களின் பின்னால் மறைந்துவிடும் இயல்புடையது அது.

சாதி இறுகிய இச்சமவெளியில் இவ்வெல்லை மேலும் கூர்மையானது. பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ பண்ணையாட்களாக ஆடு மேய்க்கும் சிறாரின் உலகைக் காட்டுவது. அதில் வரும் கூளையன் செய்தது சரியா தவறா என்று அணி பிரித்தால், அடிமைப்பட்ட சிறுவனையே கூண்டில் ஏற்றுவதாகும். அவன் பிறப்பைச் சார்ந்த மாணவர் வகுப்பில் இருக்கையில் அவ்விவாதம் கல்வியாகாது; காயமாகும். மனித மாண்பு விவாதத்திற்குரிய தலைப்பன்று. அங்கே கேட்கத்தக்க வினா, ‘இக்காட்சியில் பேசும் உரிமை யாருக்கு உள்ளது? பேசாதிருப்பவர் யார்?’ என்பதே.

இதற்கு ஒரு முன்மாதிரியும் இம்மண்ணிலேயே உண்டு. நாமக்கல்லில் மாணவர்களும் ஆய்வாளர்களும் கூடிய ‘கூடு’ ஆய்வுச் சந்திப்பு, வாசித்தலையும் வினாவுதலையும் முதன்மைப்படுத்தியது. பெருமாள்முருகன் பதிப்பித்த ‘சாதியும் நானும்’ (2013) தொகுப்பில் மாணவர்கள் உள்ளிட்டோர் தம் சாதி அனுபவங்களைத் தாமே எழுதினர். சாதி சரியா தவறா என்று அவர்கள் வாதிடவில்லை. தமக்கு நேர்ந்ததையும் தாம் பிறர்க்குச் செய்ததையும் எழுதினர். சில பொருள்களில் வாதத்துக்கு முன்னர்ச் சாட்சியம் வர வேண்டும் என்பதை இத்தொகுப்பு உணர்த்துகிறது.

கல்லூரி ஆசிரியர் கருதத்தக்க மற்றொன்றும் உண்டு. ‘மாதொருபாகன்’ காளியின் கதி தெளிவுறாத இடத்தில் முடிகிறது. ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்னும் இரு தொடர் நாவல்களில், அவன் இறந்திருந்தால் என்பதும் இறவாதிருந்தால் என்பதும் தனித்தனியே விரிகின்றன. இரண்டில் எது சரியான தொடர்ச்சி என்று படைப்பாளரே தீர்ப்புக் கூறவில்லை. ஒரு முடிவிலிருந்து இரு வழிகள் செல்லக்கூடும் என்பதைப் படைப்பின் அமைப்பே கற்பிக்கும் அரிய சான்று இது. பள்ளிச் சிறார்க்கு இந்நாவல்கள் உரியன அல்ல எனினும், இளங்கலை வகுப்பில் இம்மூன்றையும் சேர்த்து வாசித்தல், அணி பிரியாத விவாதத்துக்கு நல்ல களமாகும்.

முடிவுரை

1943இல் சேலம் கேட்டது, ஒரு நூலை எரிக்கலாமா என்னும் வினா. 2014இல் திருச்செங்கோட்டில் அவ்வினா கேட்கப்படவில்லை. முன்னதை முழுமையான முன்மாதிரியாகவும் பின்னதை வெறும் வீழ்ச்சியாகவும் காண்பது எளிய முடிவாகும். முன்னதில் எதிர்க்குரலுக்கு இடம் இருந்தது. காப்பியத்தின் பன்முகத்துக்கு இடம் குறைவு. பின்னதில் இரண்டுக்கும் இடமில்லாமற் போனது. சிறார்க்கான விவாதக் கல்வி இவ்விரு குறைகளையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

முழுப் பகுதியையும் படித்தல், பேசும் குரல் யாருடையது என அறிதல், எதிர்ப்பக்கத்தை ஏற்றுப் பேசிப் பார்த்தல், தீர்ப்பை ஒத்திவைத்தல் ஆகிய நான்கும் அதன் அடிப்படைகளாக அமையலாம். இவற்றுக்குத் தனி மேடையோ ஒலிபெருக்கியோ வேண்டா. ஒரு பாடவேளையும், ஒவ்வொரு மாணவர் கையிலும் முழுப் பனுவலும் போதும். பேச்சாற்றல் அதன் பயனாக வந்தால் வரட்டும். கொலைக்களத்தில் தயங்கி நின்ற அக்காவலர்க்கு இன்னும் சிறிது நேரம் பேச வாய்த்திருந்தால் வழக்கு வேறாகியிருக்கும். அச்சிறிது நேரத்தை உருவாக்கித் தருதலே இலக்கிய வகுப்பறையின் பணி.